நிழல் மரக் கன்றுகளுக்கு நிதி கொடுத்தால் மழைக்காடு பிழைக்குமா?

கேள்வி – தேன்சிட்டு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் திரட்டி ஏதேனும் ஒரு பொதுப்பணிக்கு அளித்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கொக்கோ சாகுபடிப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் மழைக்காடுகளைக் காப்பதற்கும் அங்குள்ள சிற்றூர்களின் வாழ்வு மேம்படுவதற்கும் உதவலாம் என்று இம்முறை முடிவு செய்திருக்கிறோம். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது என்பதும், ஐவரி கோஸ்ட் 1960களுக்குப் பிறகு தன் காடுகளில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டது என்பதும் படித்துத் தெரிந்துகொண்டவை.

நாங்கள் பார்த்த திட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே வழியைத்தான் சொல்கின்றன: நாற்றங்காலில் வளர்த்த நிழல் மரக் கன்றுகளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுப்பது. எத்தனை கன்றுகள் கொடுக்கப்பட்டன என்ற கணக்கு பெரிய எழுத்தில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து எத்தனை நிற்கின்றன என்ற கணக்கு எங்கும் கண்ணில் படவில்லை. கன்று கொடுப்பதால் காடு பிழைக்குமா, அல்லது எங்கள் பணம் வேறு இடத்துக்குப் போக வேண்டுமா? இத்துறையில் பழக்கம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி – சருகு

நல்ல கேள்வி. விவசாயி ஏன் காட்டை வெட்டுகிறார் என்பதிலிருந்து தொடங்கினால்தான் கன்றின் இடம் விளங்கும். கொக்கோ அமேசான் காட்டின் பெருமரங்களுக்கு அடியில் தானாக வளர்ந்த சிறுமரம்; நிழல் அதற்குப் பகையன்று. ஆயினும் புதிதாக வெட்டிய காட்டு மண்ணில் தழைச்சத்து நிறைந்திருக்கும், களை குறைவு, நோய் குறைவு; கன்று நட்டால் பிடித்துக்கொள்ளும். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் அந்த வளம் தீர்ந்து, மரம் கிழடாகி, மாவுப்பூச்சி பரப்பும் தண்டு வீக்க நச்சுயிரி நோயும் வந்து சேர்ந்தபின், அதே நிலத்தில் மறுநடவு செய்வதைவிடப் பக்கத்துக் காட்டை அழிப்பது செலவு குறைந்ததாகிவிடுகிறது. ஐவரி கோஸ்டில் கொக்கோ கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்த வரலாறு பெரும்பாலும் இதுதான். மேற்கு எல்லையருகே தாயி தேசியப் பூங்கா இன்றும் நிற்கிறது. 1982இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அந்தக் காட்டுக்கு வெளியே, பாதுகாக்கப்பட்டதாகப் பெயர் பெற்ற பல வனங்கள் வெறும் கொக்கோத் தோட்டங்களாகிவிட்டன.

ஆகவே பழைய தோட்டத்தையே மீண்டும் விளையும் நிலமாக்குவதில் நிழல் மரத்துக்குப் பங்கு உண்டு. கொக்கோப் பூவை மகரந்தச் சேர்க்கை செய்வது தேனீயன்று, குண்டூசித் தலையளவுகூட இல்லாத ஒரு கொசுவினப் பூச்சி. அது இனம் பெருக்குவது ஈரச் சருகிலும் அழுகும் கொக்கோத் தோட்டிலும். வெயிலில் மொட்டையாக நிற்கும் தோட்டத்தில் சருகும் காய்ந்துவிடும், பூச்சியும் குறையும். நிழல் அளவு மீறினால் காயழுகல் நோய் கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவாத்து செய்யத் தெரியாதவரிடம் கன்றை மட்டும் கொடுப்பதில் பயனில்லை.

மறுமொழி – எல்லைக்கல்

முன்னவர் சொன்னது சரி, ஆனால் மரம் யாருடையது என்பது இன்னும் பேசப்படவில்லை. என் கருத்தில் இதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு. கானாவில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தானாக முளைத்து வளர்ந்த வெட்டுமரங்கள் யாவும் மரபுவழித் தலைமைகளின் சார்பில் நாட்டுத் தலைவரின் பொறுப்பில் உள்ளவை. விவசாயியின் கொக்கோவுக்கு நடுவே ஒரு ஓஃப்ராம் மரமோ எமிரே மரமோ தானாக முளைத்து, அவர் அதை முப்பதாண்டு காலம் வெட்டாமல் விட்டுவைத்தால், அதை வெட்டும் உரிமை மர நிறுவனம் ஒன்றுக்குப் போகலாம். அந்நிறுவனம் இயந்திரத்தோடு வந்து, மரத்தைச் சாய்த்து, தடியைத் தோட்டத்தின் குறுக்கே இழுத்துச் செல்லும்போது காய்க்கும் கொக்கோ மரங்கள் வரிசையாக முறிந்து விழும். இழப்பீடு சட்டத்தில் இருக்கிறது. கைக்கு வருவது பேரத்தைப் பொறுத்தது. இதைக் கண்ட விவசாயி என்ன செய்வார்? கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே அந்தக் கன்றை வெட்டுக்கத்தியால் ஒரே வெட்டில் தீர்த்துவிடுவார், அல்லது வளர்ந்த மரத்தின் அடியில் பட்டையை வளையமாகச் செதுக்கிப் பட்டுப்போக விடுவார். இதைச் சூழல் அறிவின்மை என்று எழுதும் அறிக்கைகளைக் காணும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர் செய்வது முழுக்க முழுக்கக் கணக்கான செயல்.

விவசாயி தன் கையால் நட்ட மரம் அவருக்கே உரியது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் அதிகாரியிடம், இது தானாக முளைத்ததன்று, நான் நட்டது என்று காட்ட ஏதேனும் சான்று வேண்டும். அதனால்தான் கானாவில் நட்ட மரங்களை வனத்துறையிடம் பதிவுசெய்யும் முயற்சிகள் நடக்கின்றன. பதிவு செய்யாத கன்று, கொடுத்தவரின் கணக்கில் மரம். விவசாயியின் கணக்கில் வருங்காலத் தொல்லை.

வாரச் சாகுபடியும், அதாவது பிறர் நிலத்தில் பயிரிட்டு விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையும், இதில் சேர்கிறது. கானாவின் கொக்கோவில் கணிசமான பகுதி அபூனு, அபூசா என்ற முறைகளில் பயிராகிறது. முன்னதில் பாதிப் பங்கு, பின்னதில் மூன்றில் ஒரு பங்கு. பல இடங்களில் நிலத்தின் மேலுள்ள உரிமை கொக்கோ மரம் நிற்கும்வரைதான் என்று கொள்ளப்படுவதால், நோய்பட்ட கிழட்டு மரங்களை வெட்டி மறுநடவு செய்தால் நிலமே கைவிட்டுப் போகுமோ என்று பயிரிடுபவர் அஞ்சுகிறார். ஐவரி கோஸ்டில் 2014ஆம் ஆண்டு வனச்சட்டம் மரத்தை நில உரிமையாளருக்கு உரியதாக்கியது, நல்லதுதான். ஆனால் 1998ஆம் ஆண்டு ஊரக நிலச் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே நில உரிமை தருகிறது. கொக்கோப் பகுதியில் உழைப்பவர்களில் பலரோ புர்கினா ஃபாசோ, மாலி ஆகிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர்.

மறுமொழி – தராசு

உரிமையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பட்டாவில் கொண்டுபோய் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த விவசாயியிடம் உரிமைப் பத்திரமும் பதிவுச் சீட்டும் இருந்தாலும், ஒரு ஹெக்டேரில் நானூறு, ஐந்நூறு கிலோ எடுத்து, அரசு நிர்ணயித்த விலைக்கு விற்று, அதில் குடும்பம் நடத்துபவர் முப்பது ஆண்டு கழித்து வரும் மரத்தின் விலைக்காகக் காத்திருக்க மாட்டார்.

விலையைச் சரிசெய்ய முயன்றதும் உண்டு. இரு நாடுகளும் சேர்ந்து 2019இல் அறிவித்து, 2020–21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டன. வாங்குபவர்கள் அதைக் கொடுத்தார்கள். அதே நேரத்தில் தரத்துக்காக வழக்கமாகத் தந்துவந்த மேல்விலையைக் குறைத்துக்கொண்டார்கள். 2024இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோதும், விளைச்சலை அரசு அமைப்புகள் முன்கூட்டியே விற்றிருந்ததால் விவசாயிக்கு அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியே வந்தது. விலை உயர்ந்தாலே காடு பிழைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. காட்டெல்லையில் கொக்கோ இலாபமான பயிரானால் இன்னும் பல கைகள் வெட்டுக்கத்தியோடு வரும். மகசூலைப் பெருக்கும் திட்டங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. எல்லை காக்கப்படாத இடத்தில் வருமானத்தை மட்டும் உயர்த்துவது பாதி வேலை.

காவலை மட்டும் நம்புவதும் பாதி வேலைதான். ஐவரி கோஸ்டில் 2016இல் மோன் பேக்கோ தேசியப் பூங்காவுக்குள் கொக்கோ பயிரிட்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். போக்கிடமின்றிச் சுற்றுப்புற ஊர்களில் வந்து சேர்ந்தவர்களின் சுமையை அந்த ஊர்களே தாங்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தின் கொக்கோவுக்குச் சந்தையை மறுக்கிறது. நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் எல்லைக் கோடு முழுவதையும், சிறிய நிலமானால் ஒரு புள்ளியையாவது வரைபடத்தில் காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும், அந்த வரைபடத்தை எடுக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்று இப்போதே கேட்க வேண்டும்.

தேன்சிட்டு

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. கன்றுத் திட்டங்களை ஒதுக்கிவிடுவதா, அல்லது அவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதா? எங்கள் தொகை சிறியது. சட்டத்தை மாற்றுவதோ விலையை உயர்த்துவதோ எங்களால் ஆகாது.

எல்லைக்கல்

ஒதுக்க வேண்டியதில்லை. கன்றோடு மரப் பதிவும் சேர்த்துச் செய்கிறார்களா, பதிவுச் சீட்டு விவசாயியின் கையில் இருக்கிறதா, அவர் வாரதாரராக இருந்தால் நிலத்துக்கு உரியவரோடு எழுத்து உடன்பாடு செய்துதர உதவுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்றுகள் உயிரோடு நின்றன என்பதை எண்ணியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். எண்ணாதவர்கள் மீண்டும் கொடுத்த கணக்கையே சொல்வார்கள்.

தராசு சொன்ன இரண்டு பாதிகளையும் ஓரளவு ஒன்றுசேர்த்த இடம் என்று நான் கருதுவது சியரா லியோனின் கோலா காடு. 2011இல் தேசியப் பூங்காவான அந்தக் காட்டைக் காப்பதற்கான செலவின் ஒரு பகுதி கார்பன் வரவிலிருந்து, அதாவது காட்டை அழியவிடாமல் தடுக்கும் கரிவாயுவின் அளவைக் கணக்கிட்டு விற்பதிலிருந்து, வருகிறது. பூங்காவை ஒட்டிய ஊர்களின் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, நிழலில் விளைந்த கொக்கோவைத் தரம் பார்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். தரம் என்பது இங்கே பெரிய சொல்லன்று: உடைத்த காயின் பருப்பை வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, இடையில் கிளறி, தரையில் கொட்டாமல் உயர்த்திய பரணில் காயவைப்பது. பருப்பு அரைகுறையாகப் புளித்தால் வணிகர் விலையைக் குறைப்பார். சங்கத்துக்குப் பொதுவான களமும் பரணும் இருந்தால் அந்த இழப்பு நிற்கும். உங்கள் சிறிய தொகை தங்குமிடம் அது.

சருகு

ஒன்று சேர்க்க விரும்புகிறேன். அறுவடைக்கு முந்தைய வறட்டு மாதங்களில் கடனுக்காக விளைச்சலை அடிமாட்டு விலைக்கு முன்கூட்டியே விற்றுவிடும் குடும்பம் எந்தத் திட்டத்திலும் நிலைக்காது. ஊர்ப் பெண்கள் நடத்தும் சேமிப்பு–கடன் குழுக்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன; அவற்றுக்கு வேண்டியது பூட்டுள்ள ஒரு பெட்டி, கணக்குப் புத்தகங்கள், முதலாண்டில் கணக்கு எழுதப் பழக்கும் ஒருவர். கன்றுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே ஊரில் அத்தகைய குழு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இல்லையென்றால், உங்கள் தொகையின் ஒரு பகுதியை அதற்கென்று குறித்துக் கொடுக்க முடியுமா என்று அந்த அமைப்பிடமே கேட்டுப்பாருங்கள்.