எஃப் 35 வீடு வாங்கலாமோ?

தர்ஷன் (இரவு 7:42): எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தின்ர ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட்ல ஒரு பழைய ரெரஸ் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டினது), ரெண்டு அறை, 95,000 பவுண் கேக்கினம். இ.பி.சி (வீட்டின்ர எரிசக்திச் சேட்டிபிக்கற், தரம் ஏ முதல் ஜி வரை) எஃப், 35 புள்ளி. வாங்கி வாடகைக்குக் குடுக்கலாமோ?

சுதா அக்கா (7:50): இப்ப கிடக்கிற மாதிரிக் குடுக்கேலாது தம்பி. 2020 ஏப்ரல் 1இல இருந்து இங்கிலாந்து, வேல்ஸ்ல வாடகை வீடு குறைஞ்சது ஈ தரத்தில இருக்கோணும். ஈ தொடங்கிறது 39இல. உனக்கு 4 புள்ளி காணாது. மீறினா வீடொண்டுக்கு 5,000 பவுண் வரைக்கும் தண்டம்.

சுதா அக்கா (7:51): வாடகை வீட்டுக்கு எஃப், ஜி எண்டா கடன் தராத வங்கிகளும் இருக்கு. முதல் அதை விசாரி.

மாமா (8:03): எழுத்தை விட்டுட்டு உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு போடு.

தர்ஷன் (8:06): கூரை: இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கிறது) இல்லை (ஊகம்). சுவர்: இடைவெளி இல்லாத செங்கல், இன்சுலேஷன் இல்லை (ஊகம்). சூடு: மின்சார ஹீற்றர். 2017இல எடுத்தது.

மாமா (8:15): அந்த "ஊகம்" எண்ட சொல்லில தான் விஷயம் இருக்கு. கண்ணால பாக்கேலாததை, வீடு கட்டின காலத்தை வைச்சுப் போடுவினம். லொஃப்டுக்குள்ள (கூரைக்குக் கீழ உள்ள இடம்) ஏற வழியில்லாட்டி, இவ்வளவு பழைய வீட்டுக்கு இல்லையெண்டே எழுதுவினம். உண்மையில இன்சுலேஷன் பஞ்சு விரிச்சிருந்தா, படமும் ரசீதும் காட்டிச் சேட்டிபிக்கற்றைத் திருப்பி எடுக்கப் புள்ளி ஏறும். விரிச்சிருக்காட்டி மரச் சட்டங்களுக்கு இடையில 100 மி.மீ., அதுக்குக் குறுக்கால 170, மொத்தம் 270 மி.மீ. விரிக்கோணும். செலவுக்கு ஏறுற புள்ளியைப் பாத்தா மலிவான வேலைகளில இதுவும் ஒண்டு. ஆனா கூரை ஓரத்தில காத்துப் போக இடம் விடாமல் அடைச்சா, மாரியில மரம் நனைஞ்சு உக்கிப் போகும்.

ரவி அண்ணை (8:21): அரசாங்கத் தளத்தில தபால் குறியீட்டைப் போட்டா அந்தத் தெருவில உள்ள சேட்டிபிக்கற் எல்லாம் இலவசமாப் பாக்கலாம். ரெரஸ் வீடெல்லாம் ஒரே அச்சு. பக்கத்து வீட்டுக்கு 66, உன்ரைக்கு 35 எண்டா, அவை என்ன செய்தவை எண்டு வரிக்கு வரி ஒத்துப் பார். உன்ர வீடு எவ்வளவுக்கு ஏறும் எண்டு தெரிஞ்சிடும். வாங்க முதல் செய்யிற வேலை இது.

தர்ஷன் (8:24): ஊர் முழுக்க உள்ள வீடுகளின்ர இ.பி.சி நடுப்புள்ளியைப் பாக்கிறதில பிரயோசனம் இல்லையோ அண்ணை?

ரவி அண்ணை (8:33): இருக்கு, ஆனா வேற விஷயத்துக்கு. புதுப் பிளாட் நிறைஞ்ச இடத்தில நடுப்புள்ளி மேல நிக்கும், 1919க்கு முந்தின வீடு கூடின இடத்தில கீழ நிக்கும். எந்த ஊரில திருத்த வேலைக்குக் காசு ஒதுக்கோணும் எண்டு அதில தெரியும். 2022 வீட்டு ஆய்வில இங்கிலாந்தின்ர தனியார் வாடகை வீடுகளில 21 வீதம் அடிப்படைத் தரத்துக்குக் கீழ. சமூக வீடுகளில (கவுன்சில், வீட்டுச் சங்க வீடுகள்) 10 வீதம் தான். அதால மோசமான பகுதிகளில வாடகைக்கு விடக் கவுன்சில் லைசன்ஸ் கேக்கலாம். லண்டன் நியூஹாம்ல 2013இலயே தொடங்கினது. உன்ர தெரு லைசன்ஸ் பகுதிக்குள்ளயோ எண்டு கவுன்சில் தளத்தில பார்.

மாமா (8:41): இன்னொண்டு. இ.பி.சி அறிக்கையில படிப்படியா வேலை எழுதி, பக்கத்தில புள்ளி போட்டிருக்கும். மூண்டாவது வேலைக்குப் போட்ட புள்ளி, முதல் ரெண்டும் செய்தாப் பிறகு வாறது. மூண்டாவதை மட்டும் செய்துபோட்டு அந்தப் புள்ளி வரேல்லை எண்டு நிக்கக் கூடாது.

சுதா அக்கா (8:44): ஈ தரத்துக்குச் செலவு உச்சவரம்பு 3,500 பவுண், வாற் (VAT வரி) சேர்த்து. அவ்வளவும் செய்தும் ஏறாட்டி 5 வருஷத்துக்கு விலக்குப் பதியலாம். வித்தவரின்ர விலக்கு உனக்கு வராது, நீ புதுசாப் பதியோணும்.

தர்ஷன் (8:46): சி கேக்கப் போறாங்களாம் எண்டும் ஒரு கதை?

சுதா அக்கா (8:52): சி கேக்கிற முந்தின திட்டத்தை அரசாங்கம் 2023 செப்டெம்பரில கைவிட்டது. பிறகு 2025 பெப்ரவரியில 2030க்குள்ள சி எண்டு திரும்பக் கருத்துக் கேட்டவை. சி எண்டா 69. 39இல நிக்கிற மாதிரிக் கணக்குப் போடாதை, 69க்கு என்ன செலவு எண்டு போட்டு அதை விலையில குறை. சேட்டிபிக்கற் 10 வருஷம் தான், உன்ரை 2027இல முடியுது. 2025 ஜூனில கணக்கு முறையும் மாறினது, சன்னலை எல்லாம் அளக்கினம். பழைய புள்ளி அப்பிடியே வருமெண்டு நம்பாதை.

மாமா (9:05): இ.பி.சி ஈரத்தைப் பாக்காது, அது எரிபொருள் செலவுக் கணக்கு. சி தர வீட்டிலயும் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியை இழுத்துப் பின் சுவரைப் பார், வெளிச்சுவர் மூலையில கையை வைச்சுப் பார். வெளியில மண்ணோ சீமெந்துத் தரையோ ஈரத்தடுப்புப் படைக்கு (நில ஈரம் ஏறாமல் சுவரின்ர அடியில வைக்கிற படை) 150 மி.மீ. கீழ நிக்கோணும். உயர்த்திப் போட்டிருந்தா ஈரம் உள்ளுக்கு ஏறும். சுண்ணாம்புச் சாந்து வீட்டுக்குச் சீமெந்து பூசியிருந்தாலும் தண்ணி வெளியேற வழி இல்லை. குளியலறை ஃபானுக்குக் கீழ ரிஷ்யூத் துண்டு ஒண்டைப் பிடி. இழுத்து ஒட்டாட்டி அந்த ஃபான் சும்மா சத்தம் போடுது. செக்கனுக்கு 15 லீற்றர் இழுக்கோணும்.

ரவி அண்ணை (9:09): ஈரச் சுவருக்கு உள்பக்கம் இன்சுலேஷன் அடிக்கச் சொல்லி ஆராவது வந்தா விட வேண்டாம். ஈரம் பலகைக்குப் பின்னால நிண்டு பூஞ்சணம் பிடிக்கும், வெளியில ஒண்டும் தெரியாது. முதல் காயவிடோணும். லொஃப்டுக்குள்ள இன்சுலேஷன் நுரை அடிச்ச வீடும் வேண்டாம், மரத்தைப் பாக்கேலாதெண்டு கன வங்கி கடன் தராது.

தர்ஷன் (9:14): சனிக்கிழமை பாக்கப் போறன். வேற என்ன கொண்டு போக?

சுதா அக்கா (9:16): அளவு நாடாவும் ரோர்ச்சும். காஸ் மீற்றர் பெட்டி இருக்கோ எண்டும் பார், இல்லாட்டி சூட்டுக்கான செலவு வேற கணக்கு. பழைய நிலக்கரி ஊர், சுரங்க அறிக்கையையும் வக்கீலிட்டக் கேள். லொஃப்ட் கதவு பூட்டெண்டா திறக்கும் வரைக்கும் விலை கதைக்காதை.