பீரோவுக்குப் பின்னாடி பூஞ்சை: உங்க வீட்ல எப்படி?

கதவோரம்:
பெயின்டர் பீரோவை நகர்த்தினார். பின்சுவர் முழுக்கக் கருப்பு. பீரோ முதுகிலும் அதே உருவம், அச்சு எடுத்த மாதிரி. விரலால தேய்ச்சுப் பார்த்துட்டு, "ரெண்டு கோட்டிங் குடுத்தா மறைஞ்சிரும் சார்"னு சொல்லி விரலைப் பேன்ட்ல துடைச்சுக்கிட்டார். மறைஞ்சுதான் இருந்துச்சு, அடுத்த மழை வரைக்கும். அந்தப் பேன்ட் கறைதான் இன்னும் கண்ணுல நிக்குது.

உப்புச்சுவர்:
எங்களுக்குக் கருப்பு இல்லை, வெள்ளை. பூஞ்சைன்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க. அத்தை பேசாம ஒரு கை தண்ணி தெளிச்சாங்க, கரைஞ்சே போச்சு. பூஞ்சை கரையாது, உப்புதான் கரையும். சுவருக்குள்ள போற பாத்ரூம் பைப் கசிஞ்சு, அந்தத் தண்ணிதான் சுவர்ல இருக்கிற உப்பை வெளியே கொண்டு வந்திருக்கு.

தச்சன்மகன்:
உப்புச்சுவர் சொல்றது சரி. ஆனா அதைப் படிச்சுட்டு கதவோரம் சுவரை உடைக்க ஆள் கூப்பிட வேண்டாம். பீரோ மறைவிலும் மூலையிலும் மட்டும் வர்றது பெரும்பாலும் வீட்டுக் காத்துல இருக்கிற ஈரம்தான். குளிக்கிறது, சமைக்கிறது, உள்ளேயே துணி காயப்போடுறது எல்லாம் சேர்ந்து வர்றது. 25 டிகிரி அறையில ஈரப்பதம் 60 சதவீதம்னா, சுவர் 16, 17 டிகிரிக்கு இறங்கினாலே வேர்த்துடும். பூஞ்சைக்கு அந்த அளவு வேர்க்கக்கூட வேண்டாம், சுவரை ஒட்டின காத்து 80 சதவீதத்துல கொஞ்ச நாள் நின்னா போதும். பீரோவைச் சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்க, எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிச்சு முடிச்ச பிறகும் ஓட விடுங்க. சந்தேகமா இருந்தா, சுவரைத் துடைச்சுக் காய வச்சு, அலுமினியம் ஃபாயிலை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. முன்பக்கம் ஈரம்னா காத்துல இருந்து வருது, பின்பக்கம்னா சுவர்ல இருந்து. கருப்பை உலர்வாச் சுரண்டாதீங்க, வித்து வீடெல்லாம் பறக்கும். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைங்க. ப்ளீச்சோட வினிகரோ ஆசிட் கிளீனரோ சேர்த்தா குளோரின் வாயு வரும், அந்தப் பக்கமே போகாதீங்க. நான் பார்த்ததுன்னா, அப்பா செஞ்ச மர அலமாரியோட அடிப்பலகை கையோடு பெயர்ந்து வந்துச்சு. அவ்வளவுதான்.

வயலின்காரி:
ஃபேனையும் ஜன்னலையும் எப்பவும் நம்பாதீங்க அண்ணா. அடைமழையில வெளிக்காத்தே 90 சதவீதத்துக்கு மேல இருக்கு, திறந்தா அதுதான் உள்ள வருது. கச்சேரிக்கு முந்தின ராத்திரி வயலின் பெட்டியைத் திறந்தா வெல்வெட் மேல வெள்ளை ரோமம்! வில்லைத் தொடவே கை கூசுச்சு. அப்புறம் ஈரப்பதம் காட்டுற ஒரு மீட்டர் வாங்கி மாட்டினேன். 60க்கு மேல போனா காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற டிஹியூமிடிஃபையர் மெஷின், வெளியே காய்ஞ்சிருந்தா மட்டும் ஜன்னல்.

கதவோரம்:
ஃபாயில் ஒட்டிப் பார்த்துட்டேன் தச்சன்மகன். ரெண்டு பக்கமும் ஈரம். இப்ப யார்கூட சண்டை போடுறது?