பிளின்ட்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் உணவுச் சொற்பட்டியலில், பூரணம் வைத்து மடித்த யூதப் பண்டமான ‘பிளின்ட்ஸ்’ பதிவுக்கு இதுவரை யூதத் தோசை, புளிப்பில்லா அடை, மடியப்பம் என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. பெயரை ஒலிபெயர்த்து எடுத்துக்கொள்வோம். அதன் பகுதிகளுக்கும் செய்முறைக்கும் தமிழ்ச் சொல் கொடுப்போம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். மைதா, முட்டை, பால், உப்பு சேர்த்து நீர்க்கக் கரைத்த மாவு. ஈஸ்ட் கிடையாது, புளிக்க வைப்பதும் இல்லை. தட்டையான வாணலியில் மெல்லிசாக ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுத்துவிடுவார்கள். வெந்த பக்கத்தின்மேல் பூரணம் வைத்து, நாலு ஓரத்தையும் உள்ளே மடித்து நீள்சதுரப் பொட்டலமாக்கி, மறுபடி வெண்ணெயில் வாட்டுவார்கள். முதலில் வேகாமல் விட்ட பக்கம் இப்போதுதான் வெளிப்புறமாக வந்து சிவக்கிறது. இந்த இரண்டு கட்ட வேலைதான் பிளின்ட்ஸை அதன் உறவுக்காரப் பண்டங்களிலிருந்து பிரிக்கிறது. ரஷ்யர்களின் பிளினி பொதுவாக ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவு. பிரெஞ்சு கிரேப்பை இரண்டு பக்கமும் சுடுவார்கள்.

ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பதால் ‘தோசை’ என்று தோன்றியது நியாயம்தான். ஆனால் ‘யூத’ என்ற அடைமொழி இங்கே தவறாக வழிகாட்டும். பிளின்ட்ஸ் கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களுடையது. ஏமன், ஈராக் யூதர்களின் அடுப்படியே வேறு. கொச்சி யூதர்களோ அரிசியும் தேங்காயும் வைத்துச் சமைத்தவர்கள். ‘யூதத் தோசை’ என்று படிப்பவர் அவர்கள் வீட்டுத் தோசை என்றே நினைப்பார்.

‘புளிப்பில்லா அடை’தான் எனக்கு அதிகக் கவலை தருவது. தமிழ் விவிலியத்தில் ‘புளிப்பில்லாத அப்பம்’ என்பது யூதர்களின் பஸ்கா பண்டிகையில் உண்ணும் மாட்சா என்ற தட்டை ரொட்டியைக் குறிக்கும் சொல். அந்தப் பண்டிகையின் விதிப்படி, கோதுமை மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்காதது எல்லாம் புளித்ததாகவே கருதப்படும், ஈஸ்ட் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். அதனால் வழக்கமான பிளின்ட்ஸைப் பஸ்கா நாட்களில் சாப்பிட முடியாது. அந்த வாரத்துக்கென்றே உருளைக்கிழங்கு மாவில் தனியாகச் செய்கிறார்கள். தடைசெய்யப்பட்ட பண்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட பண்டத்தின் பெயரைச் சூட்டுவது சரியா? ‘மடியப்பம்’ இந்தச் சிக்கலில் பாதியைச் சுமக்கிறது. யூதச் சூழலில் ‘அப்பம்’ என்றதும் தமிழ் வாசகருக்கு விவிலிய ரொட்டிதான் நினைவுக்கு வரும்.

பண்டிகை என்று எடுத்தால் பிளின்ட்ஸுக்கு உரியது ஷாவுவோத். பஸ்காவிலிருந்து ஏழு வாரம் கழித்து வருவது, தமிழ் விவிலியத்தில் வாரங்களின் பண்டிகை. சீனாய் மலையில் திருச்சட்டம் கிடைத்ததைக் கொண்டாடும் அந்நாளில் பாலுணவு உண்பது வழக்கம். உணவு விதிகள் அப்போதுதான் கிடைத்தன, விதிப்படி இறைச்சி தயாரிக்க நேரமில்லாததால் பாலுணவே உண்டார்கள் என்பது ஒரு விளக்கம். திருச்சட்டம் தேனும் பாலும் போன்றது என்று உன்னதப்பாட்டு வரியைக் காட்டுவது இன்னொன்று. இரண்டு பிளின்ட்ஸை அருகருகே வைத்தால் தோரா எனப்படும் அந்தத் திருச்சட்டத்தின் சுருள் மாதிரி இருக்கிறது என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான்.

பூரணத்துக்கு வருவோம். கொழுக்கட்டைக்கும் போளிக்கும் நாம் சொல்லும் ‘பூரணம்’ இங்கே அப்படியே பொருந்தும்; ‘உள்ளீடு’, ‘நிரப்பி’ என்று புதிதாக எதையும் தேட வேண்டாம். ஆனால் பட்டியலில் இப்போது உள்ள ‘பாலாடைக்கட்டி நிரப்பியது’ என்ற விளக்கத்தை மாற்ற வேண்டும். வைப்பது கடினமான மஞ்சள் சீஸ் அல்ல. புளித்த பாலைச் சூடாக்கி வடித்த, உதிரும் வெள்ளைக் கட்டி. ‘தயிர்க்கட்டி’ எனலாம் என்று நினைக்கிறேன். ‘பனீர்’ நெருக்கமானதுதான், ஆனால் அது காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பு விட்டுத் திரித்தது. தயிர்க்கட்டி இல்லாமல் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்தும் செய்கிறார்கள். இறைச்சியும் வைக்கலாம், ஆனால் யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்பதால் அப்போது மாவைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் வாட்ட வேண்டும்.

வேகவைத்த மெல்லிய தகட்டுக்கு அஷ்கெனாசி யூதர்களின் இத்திஷ் மொழியில் தனிப் பெயரே உண்டு: பிளெட்லெக், அதாவது சிற்றிலைகள். இதற்கு ‘ஏடு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். பனையேடு, பாலேடு இரண்டிலும் உள்ள மெல்லிய தன்மை இதில் இருக்கிறது, இத்திஷ் சொல்லின் இலைப்பொருளும் கைவிடப்படவில்லை. இந்த ஒரு சொல்லையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூலப்பெயரை வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. ஒரிகாமி என்ற காகித மடிப்புக் கலையில் சதுரத் தாளின் நாலு மூலையையும் நடுப்புள்ளிக்கு மடிப்பதற்கு ‘பிளின்ட்ஸ் மடிப்பு’ என்றே பெயர். மடியப்பம் என்று வைத்தால் அது ‘மடியப்ப மடிப்பு’ ஆகிவிடும். ஒலிபெயர்ப்பு இரண்டு துறைக்கும் உதவும்.

சரி, எழுத்துக்கூட்டல். இத்திஷ் ஒருமை ‘பிளின்ட்சே’. உக்ரேனிய, ரஷ்யச் சொற்களின் வழி வந்தது, வேர் அரைத்தலைக் குறிப்பது. ‘பிளிஞ்சு’ என்றால் ஒலி மிகவும் விலகிப்போகும். ‘பிளின்சு’ பரவாயில்லை; பென்சிலில் வரும் ‘ன்சி’ நமக்குப் பழக்கம்தான். பிளின்சை, பிளின்சுக்கு, பிளின்சுகள் என்று வேற்றுமையும் பன்மையும் தடையின்றி வருகின்றன. ஆகவே பதிவு இப்படி இருக்கட்டும்:

பிளின்சு (பெயர்ச்சொல்): மைதா ஏட்டை ஒருபுறம் மட்டும் வேகவைத்து, தயிர்க்கட்டி முதலிய பூரணம் வைத்துப் பொட்டலமாக மடித்து, மீண்டும் வாட்டி எடுக்கும் அஷ்கெனாசி யூதப் பண்டம்.

‘தயிர்க்கட்டி’ கெட்டித் தயிரோடு குழம்பும் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். மற்றதற்கு மறுப்பு இல்லையென்றால் இப்படியே ஏற்றிவிடலாம்.