வந்த கோரிக்கைக்கெல்லாம் தானாகக் கையெழுத்துப் போடும் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு): வீட்டு ஈஎஸ்பி32-களுக்கு இது போதுமா?

மாடித்தோட்டம்:
தொட்டி நீர்மட்டம், மோட்டார், செடிகளின் ஈரப்பதம் என்று வீட்டில் ஏழெட்டு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டு போர்டு) ஓடுகின்றன. எல்லாம் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் இருக்கும் மொஸ்கிட்டோவோடு (செய்திகளைக் கருவிகளுக்கு இடையே கடத்தும் புரோக்கர் மென்பொருள்) பேசுகின்றன. இதுவரை குறியாக்கம் இல்லாத 1883 போர்ட்டில் வெறும் பாஸ்வேர்டுதான். இப்போது குறியாக்கம் உள்ள 8883-க்கு மாறி, ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ் கொடுக்க நினைக்கிறேன். கருவியே பிரைவேட் கீயை (வெளியே போகாத ரகசியச் சாவி) உருவாக்கி சிஎஸ்ஆர் (சான்றிதழ் கேட்கும் கோரிக்கை) அனுப்பும். பையில் உள்ள ஸ்கிரிப்ட் உடனே கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிடும். வீட்டு நெட்வொர்க்கிலிருந்து வந்தால் போதும், வேறு கேள்வி கிடையாது. இது சரியா?

கதவுத்தாழ்:
சரியில்லை. கேட்டவருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டால், உங்களுக்கு மிஞ்சும் பாதுகாப்பு வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தான். அது ஏற்கெனவே இருக்கிறதே! பப்பெட் என்ற சர்வர் நிர்வாக மென்பொருளிலும் இப்படி எல்லாவற்றுக்கும் தானாகக் கையெழுத்துப் போடவைக்கலாம். ஆனால் நிஜப் பயன்பாட்டில் அதைச் செய்யவே கூடாது என்று அவர்கள் ஆவணமே எச்சரிக்கிறது.

இதைவிட மோசம், சிஎஸ்ஆரில் பெயரை எழுதுவது கேட்பவரே. சான்றிதழில் உள்ள பெயரையே பயனர்பெயராக எடுத்துக்கொள்ளும்படி மொஸ்கிட்டோவை அமைத்திருப்பீர்கள். யாரோ 'மோட்டார்' என்று பெயர் போட்டுக் கேட்டால் உங்கள் ஸ்கிரிப்ட் கொடுத்துவிடும். அப்புறம் ஏசிஎல் (யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிப் பட்டியல்) எழுதி என்ன பயன்?

ஓமவிதி:
தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று திருடிப் பார்க்க யார் வரப்போகிறார்கள், சார்? நிஜமான ஆபத்து அதே வைஃபையில் இருக்கும் மலிவு விலைக் கேமராதான். அதற்கு சிஏ எல்லாம் தேவையில்லை. மொஸ்கிட்டோவே பிஎஸ்கே (முன்பே பகிர்ந்த சாவி) முறையை ஆதரிக்கிறது: கருவிக்கு ஒரு ரகசியச் சாவி, காலாவதி கிடையாது, கடிகாரமும் வேண்டாம்.

கதவுத்தாழ்:
கேமராதான் என் கவலையும். அது உங்கள் நெட்வொர்க்குக்குள்தானே இருக்கிறது? அப்படியானால் மாடித்தோட்டத்தின் ஸ்கிரிப்ட் அதற்கும் கையெழுத்துப் போடும். பிஎஸ்கே மோசமில்லை. ஆனால் எல்லாக் கருவிகளின் ரகசியமும் பையில் ஒரே கோப்பில் உட்கார்ந்திருக்கும். அதன் பேக்கப் எங்கெங்கே போகிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

மாடித்தோட்டம்:
அப்போ ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து அனுமதிக்க வேண்டுமா? ஸ்டெப்-சிஏ என்ற சிஏ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அதில் இயல்பாகவே சான்றிதழின் ஆயுள் 24 மணி நேரம். தினமும் என்னால் முடியாது.

கதவுத்தாழ்:
முதல் கையெழுத்து வேறு, புதுப்பிப்பு வேறு. ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) ஏற்றும்போது கருவி எப்படியும் யூஎஸ்பி கேபிளில் உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்போது ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கனை (அனுமதிச் சீட்டு) கொடுங்கள். ஸ்டெப்-சிஏ தரும் டோக்கன் இயல்பில் 5 நிமிடம்தான் உயிரோடு இருக்கும், எந்தப் பெயருக்கு என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். அதன் பிறகு கருவி கையில் உள்ள சான்றிதழைக் காட்டித் தானே புதுப்பித்துக்கொள்ளட்டும். அங்கே தானியங்கி தாராளமாக இருக்கலாம். கருவி தொலைந்தால் புதுப்பிக்க மறுத்துவிடுங்கள், சான்றிதழ் தானாகச் செத்துவிடும்.

ஓமவிதி:
காகிதத்தில் அழகாக இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் மெயினை அணைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது எல்லாம் காலாவதி. காலாவதியான சான்றிதழைக் காட்டி, இயல்பான அமைப்பில் புதுப்பிக்கவும் முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தொட்டி மேல் ஏற வேண்டியதுதான்.

இன்னொன்று. பை 4-இல் கடிகாரச் சிப் கிடையாது. கரண்ட் போய் வந்தால் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்துதான் எழும். ரவுட்டர் இணையத்தைப் பிடிக்கும்வரை பையின் கடிகாரம் பின்தங்கியே நிற்கும். கரண்ட் போவதற்குச் சற்று முன் புதுப்பித்த சான்றிதழ், 'இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை' என்று நிராகரிக்கப்படும். ஈஎஸ்பி பக்கம் இந்தத் தொல்லை இல்லை. ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்ற அதன் மென்பொருள் தொகுப்பில் சான்றிதழின் தேதிச் சோதனை இயல்பாகவே அணைந்திருக்கிறது. (அது நல்லதா என்பது தனிச் சண்டை.)

கதவுத்தாழ்:
24 மணி நேரம் சட்டமா என்ன? 90 நாள் வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தொடக்கத் தேதியை ஒரு நாள் முந்தையதாகப் போடுங்கள். பையில் ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சிப் மாட்டினால் கடிகாரப் பிரச்சினையும் தீர்ந்தது. நடுவில் ஒரு கருவியை வெளியேற்ற வேண்டுமானால் ஏசிஎல்லில் அதன் பெயரை எடுத்தால் போதும், 90 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓமவிதி:
நான் செய்வது இதைவிட எளிது. சிஏ சாவி பென்டிரைவில், பென்டிரைவ் பீரோவில். கருவி வரும்போது லேப்டாப்பில் செருகிப் பத்து வருடத்துக்குக் கையெழுத்து. பையில் சிஏ சாவியே இல்லை. பையை யார் பிடித்தாலும் புதுச் சான்றிதழ் அச்சடிக்க முடியாது.

கதவுத்தாழ்:
பையைப் பிடித்தவருக்குப் புதுச் சான்றிதழ் எதற்கு? புரோக்கரே அவர் கையில். மோட்டாரை நேராகவே ஓட்டுவார். பத்து வருடம்தான் எனக்கு உறுத்துகிறது. ஃப்ளாஷ் என்கிரிப்ஷன் (நினைவகக் குறியாக்கம்) போடாத ஈஎஸ்பி32-இலிருந்து எஸ்பிடூல் என்ற நிரலை வைத்து ஒரே கட்டளையில் பிரைவேட் கீயை எடுத்துவிடலாம். ஒரு போர்டை நண்பருக்குக் கொடுத்துவிட்டு மறந்தால் 2030-களிலும் அது உங்கள் வீட்டுக்குள் வரும்.

ஓமவிதி:
கொடுக்கும் முன் ஃப்ளாஷை அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன். எட்டுக் கருவிக்கு என் முறை போதும் என்பதில் மாற்றமில்லை.

மாடித்தோட்டம்:
யூஎஸ்பியில் டோக்கன், 90 நாள், டிஎஸ்3231. இப்படியே போகிறேன். எல்லாம் ஒரே மாதிரி போர்டுதான், டோக்கனை ஃபர்ம்வேரிலேயே எழுதிவிட்டால் வேலை சுலபம்.

ஓமவிதி:
அதற்கு டோக்கனின் ஆயுளை நீட்டி, பெயர்க் கட்டுப்பாட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஃபர்ம்வேர் கோப்பு கையில் கிடைத்தவருக்கெல்லாம் கையெழுத்து. இதில் மட்டும் கதவுத்தாழ் பக்கம்தான் நான். டோக்கனைத் தனியாக சீரியல் போர்ட் வழியே அனுப்புங்கள்.