கையால் செய்யும் அலுமினிய மினி ஐடிஎக்ஸ் கம்ப்யூட்டர் கேஸ்: தகட்டை மடிப்பதா, ஆங்கிளில் பூட்டுவதா?

புதுத்தகடு:
மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டு, எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய பவர் சப்ளை, இரண்டு ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டு. நடுவில் ஒரு சுவர், போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம். வெளியளவு 330 × 240 × 150 மி.மீ. இருப்பது 2 மி.மீ. 6061-டி6 (கடினமான அலுமினியக் கலவை) தகடு, வைஸ், ஆக்ஸா பிளேடு, கை ட்ரில், அரம். மேல்மூடியை ஒரே தகட்டில் ப வடிவமாக மடிக்கலாமா, தனித்தனித் தகடுகளாக ஆங்கிளில் (எல் வடிவப் பட்டையில்) பூட்டுவது நல்லதா?

மூலைமட்டம்:
6061-டி6ஐ மடிக்கவே மடிக்காதீர்கள். கையால் இறுக்கமாக மடித்தால் மடிப்பின் வெளிமுகத்தில் முதலில் தோல் சுருங்கினாற்போல் சொரசொரப்பு தெரியும், அடுத்த தட்டில் அதுவே விரிசலாகும். அந்தத் தகட்டைத் தட்டையாகவே வையுங்கள். 12 விளிம்புகளிலும் 15 × 15 × 3 மி.மீ. ஆங்கிள் கொடுத்து, எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூவால் பூட்டுங்கள். மரையைத் தகட்டில் போடாமல் ஆங்கிளில் போடுங்கள். எம்3 மரையின் இடைவெளி 0.5 மி.மீ., ஆகவே 2 மி.மீ. தகட்டில் 4 சுற்றுதான் கிடைக்கும். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் வழுக்கிவிடும். 3 மி.மீ. ஆங்கிளில் 6 சுற்று. 2.5 மி.மீ. ட்ரில், ஒரு சொட்டு மண்ணெண்ணெய், அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. அவசரப்பட்டால் டேப் (மரை வெட்டும் கருவி) உள்ளேயே முறியும். அலுமினியத்துக்குள் முறிந்த டேப்பை எடுப்பதைவிட ஆங்கிளையே மாற்றுவது சுலபம்.

நெளிவுசுளிவு:
நீங்க சொல்ற விரிசல் தகட்டோட குறை, மடிப்போட குறை இல்ல. எளிதா மடியற 5052-எச்32 கலவைத் தகடு, 1.5 மி.மீ. வாங்கினா அதே மடிப்பு அழகா வரும். 12 விளிம்புக்கும் ஆங்கிள்னா எத்தனை ஸ்க்ரூ ஆகுதுன்னு எண்ணிப் பாருங்க. 60 மி.மீ.க்கு ஒண்ணு வெச்சாலே நூறைத் தாண்டும். ஒவ்வொண்ணுக்கும் குறி, பஞ்ச், ஓட்டை, மரை, பிசிறு எடுக்கிறது. ப வடிவ மூடிக்கு ரெண்டே மடிப்பு. மடிச்ச விளிம்பே விறைப்பு தந்துடும்.

கணக்கு இதுதான். மடிச்ச பிறகு வெளியளவுகளைக் கூட்டினா வெட்டின நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகமா வரும், அதை முன்கூட்டியே கழிக்கணும். 1.5 கனம், உள்வளைவு ஆரம் 1.5 வெச்சா ஒரு மடிப்புக்கு ஏறக்குறைய 2.6 மி.மீ. கழிக்கணும். 240 + 150 + 240 = 630, ரெண்டு மடிப்புக்கு 5.2 போக 624.8ல வெட்டுங்க.

மூலைமட்டம்:
அந்த 2.6 காகிதத்தில் சரி. வைஸில் ஆங்கிளை வைத்துத் தட்டும்போது உள்ஆரம் 1.5தான் வரும் என்று யார் சொன்னது? வைஸின் வாய் 100, 125 மி.மீ. இருக்கும், மடிப்பு 330 மி.மீ. நீளம். மடிப்பு நெடுக ஒரே கோணமாக வராது.

நெளிவுசுளிவு:
கோணம் மாறுறது வைஸை மட்டும் நம்பினா. 40 × 40 × 5 இரும்பு ஆங்கிள் ரெண்டு, 400 நீளம், நடுவுல தகடு, ரெண்டு முனையிலும் போல்ட், நடுவுல ஒரு சி-கிளாம்ப். தகட்டோட முழு அகலத்துக்கும் ஒரு மரக்கட்டையை அணைச்சுப் பிடிச்சு ஒரே தள்ளா தள்ளணும். சுத்தியல் கடைசியில, அதுவும் கட்டை மேல. அலுமினியம் கொஞ்சம் திரும்பி விரியும், அதனால 92, 93 டிகிரி வரை கொண்டுபோங்க.

ஆரம் தெரியலைன்னா அதே தகட்டுல 100 மி.மீ. துண்டை அதே ஆங்கிள்ல மடிச்சு, ரெண்டு காலோட வெளியளவையும் வெர்னியர்ல எடுத்துக் கூட்டுங்க. 102.6 வந்தா கழிவு 2.6. 102.9 வந்தா 2.9. அந்த எண்ணையே எடுத்துக்குங்க. முக்கியமா மடிப்புக்கோட்டை ஸ்க்ரைபரால (கீறிக் குறிக்கிற ஊசி) போடாதீங்க, பென்சில் போதும். வெளிமுகத்துல கீறல் இருந்தா 5052 கூட அந்தக் கீறல்லயே பிளக்கும்.

மூலைமட்டம்:
துண்டை மடித்து அளக்கும் முறை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். மூடிக்கு அது போதும். பின்பக்கத் தகட்டுக்குப் போதாது. போர்டின் ஓட்டைகள் ஒரு திசையில் 157.48, மறுதிசையில் 154.94 மி.மீ. இடைவெளி, நான்காவது ஓட்டை மட்டும் 22.86 உள்ளே தள்ளியிருக்கும். பின்னால், போர்டின் கேபிள் சொருகும் வாய்கள் வெளியே தெரியும் ஐஓ திறப்பு 158.75 × 44.45. போர்டு உட்காரும் தளமும் இந்தத் திறப்பும் ஒரே தகட்டின் இரு பக்கங்களாக இருந்தால், மடிப்பு அரை மி.மீ. நகர்ந்தாலே யுஎஸ்பி வாய் தகட்டில் இடிக்கும், கார்டின் பிராக்கெட் ஸ்க்ரூ கோணலாக ஏறும். தனித்தகடு என்றால் 3.6 மி.மீ. ஓட்டை போட்டு, போர்டையும் கார்டையும் மாட்டிப் பார்த்து, நகர்த்திச் சரிசெய்த பிறகு இறுக்கலாம்.

நெளிவுசுளிவு:
அதுக்கு வழி, மடிச்ச பிறகு ஓட்டை போடுறது. உள்முகத்துலேர்ந்து அளந்து குறிச்சா மடிப்போட பிழை ஓட்டைக்கு வராது. முன்னாடியே போடுறதா இருந்தா மடிப்போட உள்முகத்துலேர்ந்து 6 மி.மீ. தள்ளியாவது இருக்கணும், இல்லன்னா வட்டம் முட்டையாகும்.

ஆனா பின்தகடு விஷயத்துல உங்க பக்கமே வரேன், வேற காரணத்துக்காக. தனியா வர்ற ஐஓ ஷீல்டு (அந்தத் திறப்புல மாட்டுற மெல்லிய மறைப்பு) கவ்வுறதுக்குத் தகடு 0.94லேர்ந்து 1.32 மி.மீ.க்குள்ள இருக்கணும். 1.5லயும் கவ்வாது, 2லயும் கவ்வாது. பின்தகட்டை மட்டும் 1.2ல தனியா வெட்டுங்க. ஷீல்டு போர்டுலயே பொருத்தி வந்தா இந்தத் தொல்லை இல்ல.

மூலைமட்டம்:
திறப்பை வெட்ட: நான்கு மூலையிலும் ஓட்டை, பிளேடை உள்ளே நுழைத்து அறுத்து, கோட்டுக்கு அரை மி.மீ. விட்டு, மீதியை அரத்தால். அரத்தில் முதலில் சாக்பீஸைத் தேயுங்கள். தேய்க்காவிட்டால் பல்லிடுக்கில் அலுமினியம் கட்டியாக அடையும். அடுத்த தள்ளலில் அந்தக் கட்டி தகட்டில் நீளமாக உழும். கீறலை எடுக்க மொத்த முகத்தையும் தேய்க்க வேண்டிவரும்.

புதுத்தகடு:
காற்றுக்கு 120 மி.மீ. ஃபேன் வட்டத்தை நானே ட்ரில் செய்யலாமா? 4 மி.மீ. ஓட்டை, மையத்துக்கு மையம் 5 மி.மீ. இடைவெளி.

நெளிவுசுளிவு:
வேண்டாம். அந்த வட்டத்துக்குள்ள 500க்கு மேல ஓட்டை வரும், நடுவுல நிக்கிறது 1 மி.மீ. தகடு. கை ட்ரில் ஒரு மி.மீ. விலகினா ரெண்டு ஓட்டை ஒண்ணாயிடும். ரெடியா துளையிட்ட தகடு வாங்கி, வட்டமா வெட்டின திறப்புக்குப் பின்னால ரிவெட் அடிங்க. மாறி மாறி அமைஞ்ச 4க்கு 5 துளைன்னா 58 சதவீதம் திறப்பு கிடைக்கும். 3க்கு 5ன்னு வாங்கிடாதீங்க, 33தான்.

மூலைமட்டம்:
இதில் கருத்து வேறுபாடே இல்லை.

தரைக்கம்பி:
இரண்டு பேரும் எர்த்தை விட்டுவிட்டீர்கள். அனோடைஸ் செய்தால் (மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூச்சு வளர்த்தால்) வரும் படலம் மின்சாரம் கடத்தாது. எல்லாத் தகட்டையும் அனோடைஸ் செய்து ஸ்க்ரூவால் பூட்டினால் ஒவ்வொரு தகடும் தனித்தீவு. பவர் சப்ளை உட்காரும் இடம், ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) அடி, ஆங்கிள் தொடும் ஒரு மூலை, இவற்றை அனோடைசிங்குக்கு முன் மறைத்துவிடுங்கள். மறந்திருந்தால் அங்கே மட்டும் சுரண்டிப் பல்வாஷர் போடுங்கள். பிறகு பவர் கார்டின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் மீட்டர் வையுங்கள். மீட்டர் வயரின் தடையைக் கழித்து 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிள் முறையில் இணைப்புகள் அதிகம், ஆகவே இந்தச் சோதனையும் அதிகம்.

அனோடைசிங் மரையையும் இறுக்கும். முடிந்ததும் எல்லா ஓட்டையிலும் எம்3 டேப்பை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இன்னொன்று: கடையில் கிடைக்கும் ஆங்கிள் பெரும்பாலும் 6063, தகடு 5052 அல்லது 6061. ஒரே தொட்டியில் போட்டாலும் நிறம் ஒன்றுபோல் வராது.

புதுத்தகடு:
அப்படியானால் 6061 நடுச்சுவருக்கும் அடித்தகட்டுக்கும் முன்தகட்டுக்கும், ஆங்கிளில் பூட்டி. பின்தகடு 1.2. மூடி மட்டும் 5052, 1.5 மி.மீ., ப வடிவம். மூடிக்குக் கவுண்டர்சிங்க் ஸ்க்ரூ (தலை தகட்டுக்குச் சமமாகப் பதியும் வகை) சரியா?

மூலைமட்டம்:
1.5 மி.மீ.க்குச் சரிவராது. எம்3 கவுண்டர்சிங்க் தலையின் ஆழமே ஏறக்குறைய 1.7. கூம்பு தகட்டைத் துளைத்து மறுபக்கம் வந்து, ஓட்டை விளிம்பு கத்திபோல் ஆகும். இறுக்கினால் தலை கீழே இழுத்துக்கொண்டு போகும். உருண்டைத்தலை ஸ்க்ரூ போடுங்கள். மழமழப்புதான் வேண்டுமென்றால் மூடியை 2 மி.மீ. 5052ஆக எடுங்கள்; ஆனால் கழிவு 3.5 பக்கம் வரும், சோதனைத் துண்டை அந்தத் தகட்டிலேயே மறுபடி மடித்துப் பாருங்கள்.

நெளிவுசுளிவு:
2 மி.மீ.ன்னா இரும்பு ஆங்கிளை 6 மி.மீ. கனத்துல எடுங்க, நடுவுல சி-கிளாம்ப் ரெண்டு. கிராபிக்ஸ் கார்டைப் போர்டோட இணைக்கிற ரைசர் கேபிள் நடுச்சுவரைத் தாண்டுற விளிம்பை ரெண்டு பக்கமும் அரத்தால உருட்டிடுங்க. அந்தப் பிசிறு கேபிளோட உறையை அறுத்துடும்.