அடுப்படியில் இருந்த சித்தப்பா

பூம்பாறை உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கீழத்தெருச் சித்தப்பா மறைந்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு அவர் அப்பாவின் உடன்பிறந்த தம்பி. உங்களில் பாதிப் பேர் முறை எதுவும் பார்க்காமல் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தவர்கள். மஸ்கட்டிலிருந்து அடக்கத்துக்கு வந்து சேர என்னால் முடியவில்லை. மனம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தை வேலப்பர் தேருக்கு அன்னதானப் பந்தலில் அவர் அண்டாவைக் கிளறிக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்குச் சொல்ல இருப்பது அவர் வீட்டு அடுப்பைப் பற்றி.

விசேஷத்துக்குச் சமைக்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. மார்கழிப் பனியில் விடியும் முன்னே எழுந்து விறகடுப்பை மூட்டி, சித்தி கண் விழிக்கும்போது வெந்நீரும் வரக்காப்பியும் எடுத்து வைத்திருந்த ஆண்பிள்ளை எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். யாராவது கேட்டால், "அவளும் என்னோடு சேர்ந்துதான் பூண்டுக் காட்டில் களை எடுக்கிறாள்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

மூன்று பெண்களுக்கும் பிரசவப் பத்தியம் அவர் கையால்தான். முதல் பேறுகாலத்தில், ஆண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று அப்பத்தா தடுத்தாராம். மறுநாள் அவரே கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாராம். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் கொத்திலிருந்து பூண்டைப் பறித்து, ஒவ்வொரு பல்லாகத் தோலுரிப்பார். நம் மலைப்பூண்டு காரம் கூடியது. அவசரப்பட்டால் நாக்கைப் பிடிக்கும். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவந்ததும் பூண்டைப் போட்டு, தீயைத் தணித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். விரலால் நசுக்கினால் வெண்ணெய் போலக் குழைய வேண்டும். பிறகுதான் தாண்டிக்குடி மிளகுப்பொடி, புளி பேருக்குத்தான். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். மழை பெய்தாலும், பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து நின்றாலும் அப்படியேதான்.

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று போனில் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எங்கள் அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஸ்கட் வந்த புதிதில், அவர் சொல்லிக் கொடுத்த நேரக் கணக்கில் சோறு வைத்தேன். குழைந்து கஞ்சியாகிவிட்டது. அழாத குறையாகப் போன் செய்தேன். "நீ கடலோரம் போய்விட்டாயே, முன்னாலேயே இறக்கு. மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக் கல்யாணங்களுக்குச் சமைக்கப் போனால் நானும் அப்படித்தான் செய்வேன். நம் மலைத் தண்ணீருக்குச் சூடு குறைவு" என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால்தான் அரிசியும் பருப்பும் வேகத் தாமதம். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் இதைக் கரண்டி பிடித்தே கண்டுகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து வாரம் ஒரு முறையாவது, என்ன சமைத்தாய் என்று கேட்டுப் பேசுவார். சம்பளம் எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சித்தி இப்போது பூம்பாறை வீட்டில்தான் இருக்கிறார். கொடைக்கானலுக்கு வந்துவிடுமாறு நடு மகள் அழைத்தும் போகவில்லை. அடுப்புக்கு மேலே ஒரு கொத்துப் பூண்டு இன்னும் தொங்குகிறதாம். விதைக்கென்று சித்தப்பா ஒதுக்கி வைத்தது. அடுத்த நடவுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும் என்று சித்தி சொல்லிவிட்டார்.

இந்த முறை தேருக்கு ஊருக்குப் போகிறவர்கள் சித்தியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். காலையில் போங்கள், சாயங்காலமானால் முழங்கால் வலி வந்துவிடுகிறது. கையில் ஒன்றும் வாங்கிப் போக வேண்டாம். அடுப்படியில் கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருங்கள்.