கேரோ பாழாப் போனது யாரால? இல்லினாய்ஸ் தெக்குக் கோடி ஊர் பத்தி ஒரு சண்டை

ஊர்சுற்றி_கார்பண்டேல்:
போன சனிக்கிழமை மெம்ஃபிஸ் போற வழியில ஹைவேய விட்டு இறங்கி கேரோ ஊருக்குள்ள போனேன். எழுத்துல எகிப்து கெய்ரோ தான், ஆனா உள்ளூர்ல அப்படிச் சொன்னா வெளியூர்க்காரன்னு உடனே தெரிஞ்சிடும், கேரோன்னுதான் சொல்லணும். ஒஹையோ ஆறும் மிசிசிப்பியும் கூடற முனையில இருக்கு, அலெக்ஸாண்டர் கவுன்ட்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) இதான் தலைநகரம். வடக்க இருந்து வந்தா ரயில் பாதைக்கு அடியில ரோடு நுழையுது, அங்க தலைக்கு மேல ஒரு ராட்சச இரும்புக் கதவு தொங்குது, வெள்ளம் வந்தா அதை இறக்கி ரோட்டையே அடைச்சிடுவாங்களாம். உள்ள போனா காமர்ஷியல் அவென்யூன்னு பெரிய கடைத்தெரு, இருந்த தெரு. அரைவாசி கட்டடத்தை இடிச்சு புல்லு முளைச்சிருக்கு, மிச்சம் நிக்கறதுல ஒரு சுவத்துக்குள்ளயே மரம் வளந்து ஜன்னல் வழியா கை நீட்டுது. பட்டப்பகல் ரெண்டு மணி, பத்து நிமிஷம் நின்னேன், ஒரே ஒரு கார் போச்சு. 1920ல 15,203 பேர் இருந்த ஊரு, 2020ல 1,733. வந்து படிச்சுப் பாத்தா விஷயம் ஒண்ணுதான், இந்த ஊரைப் பாழாக்குனது இனவெறி. 1967ல ராபர்ட் ஹன்ட்னு ஒரு 19 வயசு கறுப்பினச் சிப்பாய், லீவுல ஊருக்கு வந்த பையன், போலீஸ் ஸ்டேஷன்ல தூக்குல தொங்குனான். தற்கொலைன்னாங்க, கறுப்பின மக்கள் நம்பல. கலவரம், நேஷனல் கார்டுங்கற மாநில ராணுவப் படை வந்தது, வெள்ளைக்காரங்க வெள்ளைத் தொப்பிப் படைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 1969ல இருந்து கறுப்பின மக்கள் கடைகளைப் புறக்கணிச்சாங்க. கேட்டது பெருசா ஒண்ணும் இல்ல, எங்க காசு வாங்குற கடையில எங்க ஆளுக்கும் வேலை குடுன்னுதான். வேலை குடுக்கறதுக்குப் பதிலா கடையை இழுத்து மூடிட்டுப் போனாங்க. அவ்ளோதான் ஊரு முடிஞ்சுது.

தண்டவாளம்:
இந்தக் கதையை யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க ப்ரோ. கலவரம் நடந்தது உண்மை, அநியாயம் நடந்தது உண்மை, அதுல எனக்கு வாக்குவாதம் இல்ல. ஆனா நீங்களே போட்ட கணக்கை முழுசாப் போடுங்க. 1920ல 15,203. 1950ல 12,123. 1960ல 9,348. ஹன்ட் சாகறதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே ஊர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல காலி. அப்போ எந்தப் புறக்கணிப்பு நடந்தது?

கேரோ பொழச்சதே ஒரு தடங்கலாலதான். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் 1850கள்ல அங்க வந்து நின்னுது, எதிர்ல ஒஹையோ ஆறு, பாலம் கிடையாது. ரயில் பெட்டியை படகுல ஏத்தி அக்கரை கொண்டு போகணும். அதுலயும் ஒரு கூத்து, தெக்க இருந்த தண்டவாளம் அஞ்சு அடி அகலம், வடக்க இருந்தது அதைவிடக் குறுகல். அதனால பெட்டியை மேல தூக்கி, கீழ இருக்கற சக்கரத் தொகுதியைக் கழட்டி, வேற அகலச் சக்கரத்தை உருட்டி விட்டு, திரும்ப இறக்கணும். ஒவ்வொரு பெட்டிக்கும். எத்தனை ஆள் வேலை, எத்தனை பேர் ராத்தங்கி சாப்ட்டு குடிச்சிருப்பான் யோசிச்சுப் பாருங்க. 1881ல தெக்க தண்டவாளத்தை மாத்திட்டாங்க, 1889ல ஒஹையோ மேல பாலம் வந்துடுச்சு, 1905ல இதே கவுன்ட்டியில தீப்ஸ்ல மிசிசிப்பி மேல இன்னொரு பாலம். அப்புறம் ரோட்டுப் பாலம் 1929ல ஒண்ணு, 1938ல ஒண்ணு, படகுத்துறைக்கும் வேலை போச்சு. 1978ல ஐ-57 ஹைவே பாலம் ஊரையே தொடாம போயிடுச்சு. எல்லாரும் நிக்கணும்ங்கறதாலதான் அது ஊரு. நிக்க வேண்டாம்னு ஆனதும் போயிட்டாங்க.

சும்மா_ஒரு_ஆள்:
சக்கரம் மாத்துற கதை சூப்பர் தலைவா, அதுக்காகவே ஒரு தனித் திரி போடுங்க 😀

கீதா_செயின்ட்லூயிஸ்:
தண்டவாளம் சார், நடுவுல இருக்கற எண்ணிக்கையை எல்லாம் தாண்டிப் போறீங்களே. பாலம் வந்தது 1889. 1890ல கேரோவுல 10,324 பேர். 1900ல 12,566, 1910ல 14,548, 1920ல உச்சம். பாலம் வந்து முப்பது வருஷம் ஊர் வளந்துகிட்டே இருந்திருக்கு, தீப்ஸ் பாலத்துக்கு அப்புறமும்தான். ரோட்டுப் பாலம் ரெண்டும் வந்த பிறகு 1940ல எண்ணிப் பாத்தா 14,407, 1930ஐ விட கூட. ஐ-57 பாலம் திறந்த 1978ல ஊர்ல இருந்ததே ஆறாயிரம் பேர்தான், ஏற்கனவே போனவங்களை அந்தப் பாலம் எப்படி விரட்டும்?

இன்னொண்ணு, இனவெறி என்னமோ 1967ல பஸ் புடிச்சு வந்து இறங்கின மாதிரி ரெண்டு பேருமே பேசறீங்க. 1909 நவம்பர்ல வில் ஜேம்ஸ்னு ஒரு கறுப்பின ஆளை, விசாரணை எதுவும் இல்லாம, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கொன்னதாச் சொல்லி கும்பல் கொன்னுது. ஷெரிஃப் அவரை வெளியூருக்குக் கூட்டிட்டுப் போய் காட்டுல ஒளிச்சு வச்சிருக்கார், கும்பல் ஒரு ரயிலையே கைப்பத்திப் போய் புடிச்சிட்டு வந்திருக்கு. ஊர் நடுவுல விளக்கு அலங்கார வளைவு ஒண்ணு இருந்துது, அந்த பல்பு எல்லாத்தையும் எரியவிட்டு, ஆயிரக்கணக்கான பேர் சுத்தி நின்னு பாக்க, அங்கதான் தூக்கினாங்க. அதே ராத்திரி ஜெயில்ல இருந்து ஒரு வெள்ளைக்காரக் கைதியையும் இழுத்துட்டு வந்து கொன்னாங்க. கவர்னர் ஷெரிஃப்பை பதவியில இருந்து எடுத்தார், அவர் திரும்ப பதவி கேட்டப்போ ஐடா பி. வெல்ஸ்ங்கற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் நேரா கேரோவுக்கே போய் மக்கள்கிட்ட விசாரிச்சு, கவர்னர் முன்னாடி வாதாடி தடுத்தாங்க. வரைபடத்துல பாத்தா இந்த ஊரு வர்ஜீனியாவோட ரிச்மண்டை விட தெக்க இருக்கு. மாநிலம் வடக்கு, மனசு அடிமை முறை இருந்த தெக்கு. அப்படிப்பட்ட ஊர்ல, எண்ணிக்கையில மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்கற மக்களுக்கு நல்ல வேலை கிடையாதுன்னா, அவங்க சிகாகோ ரயில் ஏறத்தான் செய்வாங்க. உங்க 1940-1960 இறக்கத்துல அதுவும் இருக்கு.

தண்டவாளம்:
கீதா மேடம், 1890-1920 வளர்ச்சி சரிதான், ஒத்துக்கறேன், பாலம் வந்த மறுநாளே ஊர் காலியாகல. அந்தக் காலத்துல மரம் அறுக்கற மில்லு, மாவு மில்லு எல்லாம் தாங்கிப் புடிச்சுது, காடு தீந்ததும் மர மில்லு படுத்துடுச்சு. ஆத்துல நீராவிப் படகு போய் டீசல் இழுவைப் படகு வந்துச்சு, அது முப்பது பார்ஜை, அதாவது சரக்குத் தெப்பத்தை, தள்ளிகிட்டு ஊரைத் திரும்பிக்கூட பாக்காது. நான் சொல்றது ஒரே ஒரு பாலம் இல்ல, மொத்தமா போக்குவரத்து மாறுனது. ஆத்தங்கரை ஊர் எல்லாத்துக்கும் நடந்ததுதான்.

கீதா_செயின்ட்லூயிஸ்:
எல்லாத்துக்குமா? பக்கத்துல பாடுகா இருக்கு, கென்டக்கி பக்கம், அதே ஒஹையோ ஆறு. 1937 வெள்ளத்துல பாடுகா முழுகியே போச்சு, மொத்த ஊரையும் காலி பண்ணாங்க. கேரோவுல அந்த வெள்ளத்துல தண்ணி ஏறவே இல்ல. ஆத்துல 59.5 அடி வந்தும் கரை தாங்குச்சு, ஏன்னா எதிர்ல மிசௌரி பக்கக் கரையை வெடி வச்சு உடைச்சு தண்ணியை அங்க திருப்பினாங்க. முழுகின ஊரு இன்னைக்கு 27,000 பேரோட இருக்கு. முழுகாத ஊர்ல 1,733. மேல கேப் ஜிரார்டோவும் ஆத்தங்கரைதான், அங்க நாப்பதாயிரம் பேர் கிட்ட. பாலம் அவங்களுக்கும் வந்துச்சு, டீசல் படகு அவங்களையும் தாண்டித்தான் போகுது.

ஊர்சுற்றி_கார்பண்டேல்:
அக்கா 🔥🔥

தண்டவாளம்:
பாடுகாவுக்கு 1950கள்ல அரசாங்கம் யுரேனியம் செறிவூட்டுற ஆலையைத் தூக்கிக் குடுத்துச்சு, பல்லாயிரம் பேருக்கு கட்டுமான வேலை. கேப் ஜிரார்டோவுல யுனிவர்சிட்டி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. கேரோவுக்கு ரெண்டு ஆத்துக்கு நடுவுல கிண்ணம் மாதிரி கொஞ்சம் இடம், விரிவாக்க நிலமே கிடையாது. ஆலை கட்ட எவன் வருவான்?

கீதா_செயின்ட்லூயிஸ்:
நிலம் இல்லைங்கறது நியாயமான பாயின்ட், சும்மா சொல்லக் கூடாது. ஆனா 1969ல ஆலை வைக்க இடம் தேடி ஒருத்தன் கேரோவுக்கு வந்தான்னு வைங்க. பிரமிட் கோர்ட்ஸ்னு கறுப்பின மக்கள் இருந்த அரசாங்கக் குடியிருப்பு, அங்க ராத்திரி ராத்திரி துப்பாக்கிச் சூடு, பிள்ளைங்களை தரையில படுக்க வச்சிருக்காங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு பிரைவேட் ஸ்கூல். சனிக்கிழமை ஆனா கடைத்தெருவுல மறியல். இதைப் பாத்துட்டு எவன் காசு போடுவான்? நீச்சல் குளம் கதை தெரியுமில்ல உங்களுக்கு, 1962ல கறுப்பினப் பசங்களையும் விடுன்னு போராட்டம் நடந்துது, மெம்பர் மட்டும்தான்னு கொஞ்ச நாள் நாடகம் ஆடிட்டு அடுத்த வருஷம் குளத்தையே மூடிட்டாங்க, பின்னாடி சிமென்ட் ஊத்தி நிரப்பியும் விட்டாங்க. ஜூலை மாசத்துல அங்க அடிக்கிற புழுக்கம் எப்படின்னு ஊர்சுற்றிகிட்ட கேளுங்க. தன் புள்ளைக்கும் குளம் வேண்டாம், அவன் புள்ள இறங்காம இருந்தா போதும்னு நினைச்ச ஊரு. இதுக்கு எந்த ரயில்வே டைம்டேபிள்ல காரணம் தேடறது?

சும்மா_ஒரு_ஆள்:
தண்டவாளம் சார் சிக்னல் விழுந்துடுச்சு 🚦

தண்டவாளம்:
குளத்து விஷயத்துல எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல. 1960-70ல மூணுல ஒருத்தர் கிளம்பினதுக்கு, 9,348ல இருந்து 6,277, அந்த பத்து வருஷத்துக்கு நீங்க சொல்ற காரணத்தை எடுத்துக்கறேன். மொத்த நூறு வருஷத்துக்கும் அதுவே காரணம்னு சொன்னாதான் ஒத்துக்க மாட்டேன்.

பழைய_கணக்கு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எல்லாரும் கேரோவையே சுத்தறீங்க, கவுன்ட்டியை யாரும் பாக்கல. நான் அந்தப் பக்கம் ரெண்டு வருஷம் வேலை பாத்தவன். 1819ல ஆரம்பிச்ச கவுன்ட்டி, முதல் தலைநகரம் பேரே அமெரிக்கா. ஆமாங்க, அமெரிக்கான்னே ஒரு ஊரு. அது படுத்துடுச்சு, அப்புறம் யூனிட்டி, அப்புறம் தீப்ஸ், கடைசியாத்தான் கேரோ. தீப்ஸ்ல மேட்டு மேல 1848ல கட்டின பழைய கோர்ட்டு கல்லுக் கட்டடம் இன்னும் ஆத்தைப் பாத்துகிட்டு நிக்குது. நூறு பேரோ ஆயிரம் பேரோ, ஊரை நட்டு வச்சுட்டு விட்டுட்டுப் போறது அந்த மண்ணுக்குப் பழக்கம். கேரோவையே 1818ல ஒரு தடவை காகிதத்துல நட்டாங்க, 1830கள் கடைசியில திரும்ப லண்டன் காசுல நட்டாங்க, ரெண்டும் கவுந்துடுச்சு. 1842ல சார்லஸ் டிக்கன்ஸ் படகுல வந்து பாத்துட்டு வெறும் சதுப்புன்னு கழுவிக் கழுவி ஊத்தினார்.

இப்போ கதைக்கு வர்றேன். 2010ல கவுன்ட்டியில 8,238 பேர், 2020ல 5,240. அந்தப் பத்து வருஷத்துல அமெரிக்காவுலயே சதவீதத்துல அதிகமா ஆள் இழந்த கவுன்ட்டி இதுதான். இதுக்கு 1889 பாலமும் காரணம் இல்ல, 1969 மறியலும் நேரடிக் காரணம் இல்ல. இதே கவுன்ட்டியில டாம்ஸ்ங்கற ஊர்ல மாநில அரசு 1998ல பெரிய பாதுகாப்பு ஜெயில் கட்டுச்சு, 2013 ஜனவரியில மூடிடுச்சு, அதுல கவுன்ட்டியில மிச்சம் இருந்த நல்ல சம்பள வேலை போச்சு. (அந்த ஜெயில்ல கைதிகளைத் தனிமையில வச்ச விதத்துக்கு மூடினது சரிதான்னு நினைக்கறவன் நான், ஆனா வேலை போனது போனதுதான்.) 2011 வெள்ளத்துல ஆலிவ் பிராஞ்ச் கிராமம் முழுகுச்சு, நிறைய வீட்டை அரசாங்கமே வாங்கி இடிச்சுடுச்சு. அப்புறம் 2017ல கேரோவுல எல்ம்வுட், மெக்பிரைட்னு ரெண்டு அரசாங்கக் குடியிருப்பும் இருக்க லாயக்கில்லன்னு சொல்லி கிட்டத்தட்ட 400 பேரைக் கிளம்பச் சொன்னாங்க. பாதிப் பேர் சின்னப் பிள்ளைங்க. வாடகைக்கு ஊருக்குள்ள வேற வீடு இல்லாததால வெளியூர்தான் போகணும். பல வருஷம் பராமரிப்பே இல்லாம விட்டது நிர்வாகம், கிளம்பினது குடியிருந்தவங்க.

கீதா_செயின்ட்லூயிஸ்:
அண்ணே இது முக்கியமான விஷயம், ஆனா அந்த ஊர்ல அரசாங்கக் குடியிருப்பை எப்படி கட்டினாங்கன்னு பாருங்க, ஒண்ணு வெள்ளைக்காரங்களுக்கு, பிரமிட் கோர்ட்ஸ் கறுப்பினத்தவங்களுக்குன்னு ஆரம்பத்துலயே பிரிச்சு கட்டின ஊரு அது. ஊர் கவுன்சில்லயும் வார்டு கிடையாது, ஊர் முழுக்க ஒரே ஓட்டு, அதனால பத்துல நாலு பேர் கறுப்பினத்தவங்களா இருந்தும் பல பத்து வருஷம் ஒருத்தர்கூட ஜெயிக்க முடியல. கோர்ட்டுக்குப் போய் 1980லதான் வார்டு முறையே வந்துச்சு. அதுக்குள்ள ஆள வேண்டிய ஊர்ல மிச்சம் என்ன இருந்துது? கஜானா காலியானப்புறம் சாவியைக் குடுத்த மாதிரிதான்.

பழைய_கணக்கு:
ஆமாம்மா, மறுக்கல. நேரடிக் காரணம் இல்லன்னு சொன்னேன், வேர் இல்லன்னு சொல்லல.

ஊர்சுற்றி_கார்பண்டேல்:
2011ல அந்த ஊரைக் காப்பாத்தணுமான்னே சண்டை நடந்துச்சாமே?

பழைய_கணக்கு:
ஆறு 61.72 அடி. இதுவரைக்கும் அங்க வந்ததுலயே அதிகம். ஊரைக் காலி பண்ணிட்டு மே 2 ராத்திரி ராணுவ இன்ஜினியர்ங்க மிசௌரி பக்கக் கரையை வெடிச்சாங்க, 1937ல பண்ணதேதான். 1,30,000 ஏக்கர் விவசாய நிலம் தண்ணிக்குள்ள. மிசௌரி மாநிலம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தோத்துது, அந்த மாநில அரசியல்வாதி ஒருத்தர் முழுகணும்னா கேரோவே முழுகட்டும்ங்கற மாதிரி பேசிட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டார். இதுல யாரும் சொல்லாதது, திருப்பி விட்ட தண்ணியில பின்ஹுக்னு ஒரு சின்ன கிராமம் அழிஞ்சுது. அதுவும் கறுப்பின மக்கள் ஊருதான். வேற இடத்துல நிலம் வாங்க விடாததால வெள்ளம் வர்ற பள்ளத்துல வந்து குடியேறினவங்க.

தண்டவாளம்:
பின்ஹுக் எனக்குத் தெரியாது. படிக்கறேன்.

சும்மா_ஒரு_ஆள்:
ஒரு டவுட், ஊர்சுற்றி ப்ரோ ரெண்டு ஆறு கூடற இடத்துக்குப் போனீங்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்ல

ஊர்சுற்றி_கார்பண்டேல்:
போனேன் போனேன். ஃபோர்ட் டிஃபையன்ஸ், உள்நாட்டுப் போர்ல வடக்குப் படைத் தளபதி கிராண்ட் படை வச்சிருந்த இடம். படகு மாதிரி ஒரு கான்கிரீட் மேடை இருக்கு, அதுல ஏறிப் பாத்தா மிசிசிப்பி டீ கலர்ல வருது, ஒஹையோ கொஞ்சம் பச்சையா வருது, ரெண்டும் உடனே கலக்கல, நடுவுல கோடு போட்ட மாதிரி ரொம்ப தூரம் பக்கத்துப் பக்கத்துல போகுது. மரத்துல எல்லாம் என் தலைக்கு மேல வரைக்கும் பழைய வெள்ளத்தோட சேத்துத் தடம். ஒரு பெரியவர் தூண்டில் போட்டுட்டு இருந்தார், எந்த ஊருன்னு கேட்டார், இந்தியான்னேன், இவ்ளோ தூரம் வந்து இதைப் பாக்கவான்னு சிரிச்சார்.

தண்டவாளம்:
அங்க இருந்து ஒஹையோ பக்கம் பாத்தா என் 1889 பாலம் தெரியணும். இரும்பு மேல்கட்டுமானத்தை பின்னாடி மாத்திட்டாங்க, ஆனா ரயில் இன்னும் அதுமேலதான் போகுது. போட்டோ எடுத்தீங்களா?

ஊர்சுற்றி_கார்பண்டேல்:
எடுத்தேன் சார், ராத்திரி போடறேன். ரயில் கூட ஒண்ணு போச்சு. நிக்கல.